கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? மொரீஷியஸ் தமிழ் வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறது, நாளிதழில் பிரெஞ்சு படிக்கிறது, தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறது, விருப்பப் பாடமாகத் தமிழ் கற்கிறது. இத்தனை மொழிகளோடு புழங்கும் பிள்ளை, ஏழு எழுத்துக் கட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலச் சொல் கிடைக்காமல் திணறுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பெரும்பாலும் சொல் தெரியாததால் வரும் திணறல் இல்லை அது. எழுத்துகளை இலக்கில்லாமல் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதால் வருவது. ஒன்றுக்கொன்று வேறான ஏழு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் யாரும் பார்த்து முடிக்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. ஆங்கில எழுத்துகள் கூட்டுச் சேர்ந்து வருபவை. எந்த எழுத்து எதனோடு சேரும், எங்கே நிற்கும் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. தமிழ் எழுத்தில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லும்போது சில குழம்பும். இந்தக் கட்டுரையில் 'டீ' என்று நெடிலாக வருவது டைகர் என்ற சொல்லின் முதல் எழுத்து. 'டி' என்று குறிலாக வருவது டாக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து. 'பி' என்று வரும் இடமெல்லாம் பேப்பர் என்ற சொல்லின் முதல் எழுத்தையே குறிக்கும்.

முதல் வேலை: கேள்வி எது?

'இந்த எழுத்துகள் உள்ள சொல் வேண்டும்' என்று சொல்வது எளிது. அதற்குள் ஐந்தாறு வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஆர், ஏ, டீ என்ற மூன்று எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மூன்றையும் பயன்படுத்த வேண்டும், வேறு எழுத்து கூடாது என்றால் ரேட், ஆர்ட், டார் ஆகியவை கிடைக்கும். இங்கே ரேட் என்பது எலி, ஆர்-ஏ-டீ. சில எழுத்துகளை விட்டுவிடலாம் என்றால் ஏ-டீ என்ற இரண்டெழுத்துச் சொல்லும் சேரும். மூன்றும் இருக்க வேண்டும், மற்ற எழுத்துகளும் வரலாம் என்றால் ஹார்ட், டிரெயின், கேரட் என்று பட்டியல் ஆயிரக்கணக்கில் நீளும். மூன்றும் இதே வரிசையில் இடைவெளியில்லாமல் வர வேண்டும் என்றால் பைரேட், கராத்தே, செப்பரேட். வரிசை மாறக் கூடாது, ஆனால் இடையில் மற்ற எழுத்துகள் வரலாம் என்றால் ரியாக்ட், ரோஸ்ட். குறுக்கெழுத்துப் புதிரில் போல இத்தனையாவது கட்டத்தில் இந்த எழுத்து என்றால் அது இன்னொரு கேள்வி.

ஒவ்வொரு கேள்விக்கும் தேடும் முறை வேறு. கணினியில் தேடி 'ஒன்றும் வரவில்லை' என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு கேள்விக்கான பெட்டியில் தட்டச்சு செய்திருப்பார்கள். அதனால் தேடுவதற்கு முன் காகிதத்தில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எல்லா எழுத்தும் கட்டாயமா? வேறு எழுத்து வரலாமா? வரிசை முக்கியமா?

கையில் உள்ள எழுத்துகள் மட்டும்: முடிவிலிருந்து தொடங்குங்கள்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடுபவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஏழு கட்டைகளையும் ஒரே ஆட்டத்தில் வைத்தால் 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் கையில் ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் உயிரெழுத்துகளை இடப்பக்கமும் மெய்யெழுத்துகளை வலப்பக்கமும் பிரித்து வையுங்கள். உயிர் மூன்று, மெய் நான்கு. நல்ல கை இது.

அடுத்து, சொல் எப்படி முடியலாம் என்று பாருங்கள். ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி சில முடிவுகளுக்குள் அடங்கிவிடும்: ஐ-என்-ஜி, இ-டி, இ-ஆர், இ-எஸ்-டீ, ஐ-இ-ஆர், எல்-ஒய், டீ-ஐ-ஓ-என், எம்-இ-என்-டீ, என்-இ-எஸ்-எஸ். நம் கையில் ஜி இல்லை, ஐ-என்-ஜி போயிற்று. டி இல்லை, இ-டி போயிற்று. ஐ-இ-ஆர் இருக்கிறது. அந்த மூன்றையும் வலது ஓரத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சம் ஏ, என், எஸ், டீ. இந்த நான்கை வைத்து என்-ஏ-எஸ்-டீ என்று அடுக்கினால் நாஸ்டியர் வந்துவிட்டது. ஏ-என்-டீ-எஸ் என்று அடுக்கினால் ஆண்ட்ஸியர். இருப்புக்கொள்ளாமல் தவிப்பவரைச் சொல்லும் சொல். நான்கு எழுத்துகளுக்கு 24 வரிசைகள்தாம். கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இப்போது ஐ-இ-ஆரைக் கலைத்து, எஸ்ஸை மட்டும் ஓரத்தில் வையுங்கள். மிச்சம் ஆறு. முன்னால் ஆர்-இ என்று வைத்துப் பார்த்தால் ரீடெயின், ரெட்டினா இரண்டும் தெரியும். எஸ்ஸைச் சேர்த்தால் இரண்டு ஏழெழுத்துச் சொற்கள். இ-ஆரை மட்டும் ஒதுக்கினால் ஸ்டெயின் என்பது மிச்சத்தில் நிற்கும், ஸ்டெயினர் ஆகிவிடும். முன்னொட்டுகளையும் இப்படியே சோதிக்க வேண்டும்: ஆர்-இ, யு-என், டி-ஐ-எஸ், எம்-ஐ-எஸ், ஓ-யு-டீ.

இதே ஏழு எழுத்தில் ரெட்சினா என்ற சொல்லும் இருக்கிறது. மரப்பிசின் மணம் சேர்த்த கிரேக்க ஒயின் அது. எந்த முடிவை ஒதுக்கினாலும் அது சிக்காது. அத்தகைய சொற்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

படித்ததை மறக்காமலிருக்க ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அதைத் தலைப்பாக எழுதுங்கள். லிசன் என்ற சொல்லை அடுக்கினால் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ. சைலன்ட் என்பதை அடுக்கினாலும் அதுவே வரும். என்லிஸ்ட், இன்லெட்ஸ், டின்சல் மூன்றுக்கும் அதே தலைப்புதான். ஆகவே ஒரே தலைப்பின் கீழ் ஐந்து சொற்கள். அடுத்த முறை கையில் எழுத்துகள் வந்ததும் அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். தலைப்பு நினைவுக்கு வந்தால் சொற்கள் தாமே வரும். கணினி நிரல்கள் எழுத்து மாற்றுச் சொற்களைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்.

ஒவ்வாத எழுத்துகளும் உயிர்ப் பஞ்சமும்

வி கையில் இருந்தால் அதைச் சொல்லின் கடைசியில் வைத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆங்கிலச் சொற்கள் வி-யில் முடிவது மிக அரிது. கிவ், ஹேவ், லவ் என்று காதில் வி-யில் முடிபவையும் எழுத்தில் ஒரு இ-யைச் சேர்த்துக்கொள்ளும். ஜே, க்யூ இரண்டும் அப்படியே, முடிவில் நிற்பது அபூர்வம். சி-கே, என்-ஜி இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் வருவது மிக அரிது. எச் இருந்தால் உடனே அதற்கு முன்னால் சி, எஸ், டீ, பி, டபிள்யூ, ஜி ஆகியவற்றில் எது கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

க்யூவுக்கு யு வேண்டும் என்பது பள்ளியில் சொல்லித்தரும் விதி. யு இல்லாதபோதும் வழி உண்டு. சீன மொழியிலிருந்து வந்த க்யூ-ஐ, அரபியிலிருந்து வந்த க்யூ-ஏ-டீ, நம் காதுக்குப் பழகிய ஃபக்கீர் ஆகிய மூன்றும் ஸ்கிராபிள் பட்டியல்களில் செல்லும். ஃபக்கீரை எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் என்று எழுத வேண்டும்.

உயிரெழுத்தே இல்லையென்றால் ஒய்யைத் தேடுங்கள். ரிதம், மித், ஹிம், நிம்ஃப், லிஞ்ச் எல்லாம் ஒய்யை மட்டும் வைத்து நிற்பவை. ரிதம் என்பது ஆர்-எச்-ஒய்-டீ-எச்-எம், ஆறு எழுத்து.

உயிர்கள் அதிகமாகக் குவிந்தால்? ஐந்து உயிரெழுத்துகளும் ஒவ்வொரு முறை மட்டும் வரும் சொற்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எஜுகேஷன், டயலாக், காலிஃபிளவர் மூன்றும் அப்படிப்பட்டவை. செக்வோயா என்ற மரத்தின் பெயர் ஏழே எழுத்தில் ஐந்தையும் அடக்கிவிடுகிறது: எஸ்-இ-க்யூ-யு-ஓ-ஐ-ஏ. ஃபசீஷியஸ் என்ற சொல்லில் ஐந்தும் அகரவரிசையிலேயே வருகின்றன. எதிர்ப்பக்கம், ஏ என்ற ஒரே உயிர் மட்டும் வரும் சொல் வேண்டுமென்றால், இல் ஓ செர்ஃப் தீவுக்கு நாம் ஏறிப்போகும் கட்டமரான் இருக்கிறது. ஒன்பது எழுத்தில் நான்கு ஏ, வேறு உயிர் எதுவும் இல்லை.

அடுத்தடுத்து வரும் எழுத்துகள்: ஒட்டு எங்கே?

'என்-ஜி-எஸ்-டீ என்ற நான்கும் தொடர்ந்து வரும் ஆங்கிலச் சொல் சொல்' என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் முதலில் திகைக்கும். நான்கு மெய்கள், நடுவில் உயிர் இல்லை. இத்தகைய கேள்விகளை நான் மிகவும் விரும்புகிறேன். இவற்றுக்கு விடை தேடும்போது ஆங்கிலச் சொல்லின் உடற்கூறு தெரிந்துவிடுகிறது.

தொடரை வெட்டுங்கள். எந்த இடத்தில் வெட்டினால் இடப்பக்கம் ஒரு நல்ல முடிவாகவும் வலப்பக்கம் ஒரு நல்ல தொடக்கமாகவும் இருக்கும்? என்-ஜி என்பது முடிவில் மட்டும் வரும். எஸ்-டீ என்பது தொடக்கத்தில் தாராளமாக வரும். ஆகவே ஒட்டு ஜி-க்கும் எஸ்-க்கும் நடுவில். இனி என்-ஜியில் முடியும் சொற்களைச் சொல்லிக்கொண்டே போய்ப் பின்னால் எஸ்-டீயை ஒட்டுங்கள். யங் என்றால் யங்ஸ்டர். கேங் என்றால் கேங்ஸ்டர். சாங் என்றால் சாங்ஸ்ட்ரஸ். அமங் என்றால் அமங்ஸ்ட். டங்ஸ்டன் என்ற உலோகமும் இந்த வரிசையில் சேரும். ஸ்வீடிஷ் மொழியில் கனமான கல் என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டியது அது, ஒட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனிலிருந்து வந்த ஆங்ஸ்ட் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது.

டபிள்யூ-கே-டபிள்யூ? கடைசி டபிள்யூ ஒரு தொடக்கமாக வேண்டும். வார்ட் என்ற பின்னொட்டை வைத்தால் ஆக்வர்ட். எச்-எச்? முன்னதில் டீ-எச் முடிவு, பின்னதில் எச் தொடக்கம்: வித், ஹோல்ட் இரண்டும் சேர்ந்து வித்ஹோல்ட். எம்-பி-டீ தொடர் மட்டும் வெட்டாமலேயே கிடைக்கும். எம்ப்டி, அட்டெம்ப்ட், ப்ராம்ப்ட், சிம்ப்டம் என்று நிறைய.

கட்டத்தில் இடம் குறித்த எழுத்துகள்

ஐந்து கட்டம், இரண்டாவது எச், ஐந்தாவது எஃப். முதல் கட்டத்தில் எச்சுக்கு முன் வரக்கூடியவை சி, எஸ், டீ, டபிள்யூ, பி போன்ற சில மட்டுமே. முடிவில் எஃப்புக்கு முன் பெரும்பாலும் எஃப், எல், ஆர் அல்லது இரட்டை உயிர். இந்த இரண்டு வரம்புகளுக்குள் சீஃப், தீஃப், ஷெல்ஃப், ஷீஃப், சாஃப், விஃப் எல்லாம் வந்துவிடும். தடயக் குறிப்பைப் படித்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு தெரிந்தவருக்குக் கூடுதல் சொத்து, கூடுதல் பள்ளம்

நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் வசதி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் ஆயிரக்கணக்கான சொற்களைப் பகிர்ந்துகொள்கின்றன. டீ-ஐ-ஓ-என், ஏ-ஜி-இ, எம்-இ-என்-டீ முடிவுகள் இரண்டுக்கும் பொது. மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். பிரெஞ்சில் ஐ-டீ-இ என முடிவது ஆங்கிலத்தில் ஐ-டீ-ஒய்: யுனிவெர்சிடே, யுனிவர்சிட்டி. ஐ-க்யூ-யு-இ என்பது ஐ-சி ஆகும்: மியூசிக். இ-யு-ஆர் பல இடங்களில் ஓ-ஆர் ஆகும்: தொக்தர், டாக்டர். ஏ-ஐ-ஆர்-இ என்பது ஏ-ஆர்-ஒய்: நெசெசேர், நெசசரி. கையில் சி-யும் ஐ-யும் இருந்தால் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆங்கிலச் சொல் அதன் வாலை நறுக்கியதாக வந்து நிற்கும்.

பள்ளம் இரட்டித்த எழுத்துகளில் இருக்கிறது. எழுத்து எண்ணிக்கை ஒன்று தவறினாலும் சொல் செல்லாது. அட்ரஸ் ஆங்கிலத்தில் இரண்டு டி, பிரெஞ்சில் ஒன்று. டிராஃபிக் ஆங்கிலத்தில் இரண்டு எஃப், பிரெஞ்சில் ஒன்று. மேரேஜ் ஆங்கிலத்தில் இரண்டு ஆர், பிரெஞ்சில் ஒன்று. அபார்ட்மென்டில் தலைகீழ்: பிரெஞ்சில் இரண்டு பி, ஆங்கிலத்தில் ஒன்று. கம்ஃபர்ட் ஆங்கிலத்தில் எம், பிரெஞ்சில் என். எக்சாம்பிள் நடுவில் ஆங்கிலத்துக்கு ஏ, பிரெஞ்சுக்கு இ. டான்ஸ் ஆங்கிலத்தில் சி, பிரெஞ்சில் எஸ். ரெஸ்பான்சிபிள் ஆங்கிலத்தில் ஐ, பிரெஞ்சில் ஏ. இந்த எட்டையும் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும். தேர்வுத் தாளிலும் இவையே மதிப்பெண்ணைத் தின்கின்றன.

இன்னொன்று, விளையாட்டுப் பெட்டி. நம் கடைகளில் பிரெஞ்சு ஸ்கிராபிள் பெட்டியும் கிடைக்கும், ஆங்கிலப் பெட்டியும் கிடைக்கும். வாங்கும்போது மேலட்டையைப் பாருங்கள். ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் கட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். பன்மைச் சொற்கள் மிகையாகக் கூடாது என்பதற்காக எஸ்ஸை நான்கோடு நிறுத்தினார். ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டைகள், அதில் இ 12. பிரெஞ்சுப் பெட்டியில் 102 கட்டைகள், இ 15. டபிள்யூவும் ஒய்யும் ஆங்கிலப் பெட்டியில் இரண்டிரண்டு, மதிப்பு 4. பிரெஞ்சுப் பெட்டியில் ஒன்றொன்று, மதிப்பு 10. கே ஆங்கிலத்தில் 5, பிரெஞ்சில் 10. பிரெஞ்சுப் பெட்டியை வைத்து ஆங்கிலத்தில் ஆடினால் ஒரு சாதாரண நான்கெழுத்துச் சொல்லுக்கே புள்ளிகள் ஏறிவிடும், எல்-ஒய் முடிவோ ஆட்டம் முழுதும் ஓரிரு முறைக்கு மேல் கிடைக்காது. ஆங்கிலம் பழக வேண்டுமானால் ஆங்கிலப் பெட்டியையே வாங்குங்கள்.

கணினியிடம் கேட்கும் முறை

கையால் முயன்ற பிறகே கருவிக்குப் போங்கள் என்பது என் உறுதியான கருத்து. கருவி பட்டியலைத் தரும். பட்டியலில் எதை எடுப்பது என்பதைப் பழகிய கண்தான் சொல்லும்.

ஒன்லுக் என்ற இணைய அகராதித் தேடல் நான் முதலில் பரிந்துரைப்பது. அதில் கேள்விக்குறி ஓர் எழுத்தைக் குறிக்கும், நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளையும் குறிக்கும். மேலே பார்த்த கட்டத்துக்கு: கேள்விக்குறி, எச், கேள்விக்குறி, கேள்விக்குறி, எஃப். தொடர்ந்து வரும் நான்கு எழுத்துக்கு: நட்சத்திரம், என்-ஜி-எஸ்-டீ, நட்சத்திரம். எழுத்துகளுக்கு முன் இரண்டு சாய்கோடுகள் இட்டால் அவற்றை மாற்றி அடுக்கிய சொற்களைத் தரும். எழுத்துகளை விலக்க, வடிவத்தின் முடிவில் கழித்தல் குறியிட்டு அவற்றை எழுதலாம்.

இணையம் இல்லாமலும் செய்யலாம். சொற்பட்டியல் ஒன்றை எக்செலின் முதல் பத்தியில் ஒட்டி, வடிகட்டியில் 'உள்ளடக்கியது' என்ற நிபந்தனையைக் கொடுங்கள். வந்ததை வேறொரு தாளில் நகலெடுத்து அடுத்த எழுத்துக்கு மறுபடி வடிகட்டுங்கள். மூன்று நான்கு சுற்றில் பட்டியல் கைக்கு அடங்கிவிடும். சொல்லின் நீளத்தை எண்ணும் லென் சூத்திரத்தைப் பக்கத்துப் பத்தியில் போட்டால் ஏழெழுத்துச் சொற்களைத் தனியே பிரிக்கலாம்.

மேக் கணினியில் டிக்ட் என்ற அடைவுக்குள் வேர்ட்ஸ் என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது என்பதால் புதிய சொற்களும் பெரும்பாலான பன்மை வடிவங்களும் அதில் இருக்காது. அதில், டெர்மினல் சாளரத்தில் தட்டச்சு செய்யும் கிரெப் என்ற தேடல் கட்டளையால் ஏ உள்ள வரிகளை எடுத்து, செங்குத்துக் கோட்டுக்குறி வழியாக இன்னொரு கிரெப்புக்கு அனுப்பி இ உள்ளவற்றை எடுத்து, அப்படியே ஐ, ஓ, யு என்று தொடர்ந்தால் ஐந்து உயிரும் உள்ள சொற்கள் மிஞ்சும். இங்கே ஒரு கவனம்: இரண்டு இ வேண்டுமென்று ஒரே கட்டளையை இருமுறை கொடுத்தால் பலன் இல்லை. ஒரே ஒரு இ உள்ள சொல்லும் இரண்டு சல்லடையிலும் தேறிவிடும். இ, புள்ளி, நட்சத்திரம், இ என்று ஒரே வடிவமாகக் கொடுக்க வேண்டும். கட்டத்து எழுத்துகளுக்குத் தொடக்கத்தில் ^ குறியும் முடிவில் $ குறியும் இட்டு, தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இரண்டு குறிகளையும் விட்டுவிட்டால் நீளமான சொற்களும் உள்ளே புகுந்துவிடும்.

கிடைத்த சொல் செல்லுமா?

இதில் ஒரே தீர்ப்பு கிடையாது. வட அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் ஆங்கில ஸ்கிராபிள் போட்டிகள் பெரும்பாலும் காலின்ஸ் அகராதி நிறுவனத்தின் சொற்பட்டியலைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டியல் வேறு, அளவிலும் சிறியது. இணையக் கருவிகள் பல அமெரிக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமலும் இருக்கும். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைக் கற்பிக்கின்றன. கலர் என்பதில் யு இருக்க வேண்டும். காலின்ஸ் பட்டியலில் யு உள்ளதும் யு இல்லாததும் இரண்டும் செல்லும், தேர்வுத் தாளில் பிரிட்டிஷ் வடிவத்தையே எழுதுங்கள்.

வீட்டில் ஆடும்போது பெட்டியைத் திறப்பதற்கு முன் எந்த அகராதி என்று முடிவு செய்து அதை மேசையில் வையுங்கள். சந்தேகம் எழுந்தால் சொல்லை வைத்தவரே புரட்டிப் பார்த்து, பொருளை உரக்கப் படிக்கட்டும்.